மீன் எண்ணெயும் கொல்லா நோன்பும்

கொல்லாமை என்னும் நோன்பு நம் இல்லங்களில் பெரும்பாலும் சமையலறை அளவிலேயே நடைபெற்று வருகிறது. கிழங்கு வகைகளை நீக்குகிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிறோம். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வந்த வழக்கங்கள் இவை. ஆதலின் இவற்றைப் பற்றி நாம் புதிதாகச் சிந்திக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் அதே நோன்பு மருத்துவமனை வரையிலும் நம்முடன் வரும்போது, விடை தெரியாத வினாக்கள் பல எழுகின்றன. உயிரைக் காக்கும் என்று ஒருவர் நீட்டும் பொருள் மற்றோர் உயிரைக் கொன்று பெற்றதாயின் அதனை ஏற்கலாமா? காக்கும் என்பது உறுதியில்லாதபோது என் செய்வது? உறுதி என்றே வைத்துக்கொண்டால் என் செய்வது? நோன்பு ஒருவருடையது, அச்சம் மற்றொருவருடையது என்னும்போது யார் முடிவு செய்வது?

இவ்வினாக்களை நான் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் இல்லத்திலேயே எழுந்தவை இவை. என் பிழையும் இதில் உண்டு. ஆதலின் சற்றுத் தயக்கத்துடனே எழுதுகிறேன்.

ஒரு குப்பி வந்த கதை

2006ஆம் ஆண்டு என் கணவருக்கு மார்புவலி கண்டது. இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் மூன்று அடைபட்டிருந்தன. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் அறுவை செய்வதென முடிவாயிற்று. அறுவைக்குப் பத்து நாட்கள் இருந்தன. அப்போது அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர், நல்லெண்ணத்துடன் ஒரு யோசனை கூறினார். "அம்மா, இந்த அறுவைக்குப் பின் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி விடுவதுண்டு. மீன் எண்ணெய் கேப்ஸ்யூலை முன்கூட்டியே கொடுத்து வந்தால் அது குறைகிறது என்று சென்ற ஆண்டு இத்தாலியில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கட்டாயமில்லை. விரும்பினால் கொடுங்கள்" என்றார்.

அவர் குறிப்பிட்ட ஆய்வு உண்மையானதே. 2005இல் வெளிவந்தது. பைபாஸ் அறுவைக்கு வந்த 160 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 2 கிராம் மீன் எண்ணெய்க் கொழுப்பமிலங்களை, அறுவைக்கு ஐந்து நாட்களேனும் முன்னதாகத் தொடங்கிக் கொடுத்தனர். கொடுக்காத பிரிவில் நூற்றுக்கு 33 பேருக்குத் துடிப்புக் கோளாறு வந்தது. கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 15 பேருக்கே வந்தது. பாதிக்கும் மேல் குறைவு! அதனைக் கேட்ட எந்த மனைவிக்குத்தான் ஆசை வராது?

என் கணவர் தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். மருத்துவர் கூறியதைப் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "மற்ற மருந்துகளை எல்லாம் கொடுங்கள். இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். நான் மருந்துக் கடைக்குச் சென்று அந்தக் குப்பியை வாங்கி வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

துடிப்பின் ஒழுங்கு

மேலே செல்லுமுன் இந்த நோயைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் இதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலப்புற மேலறையில் உள்ள ஒரு சிறு திசுக்கூட்டம் நிமிடத்திற்கு அறுபது முதல் நூறு முறை மின்துடிப்பை எழுப்புகிறது. ஆசிரியர் ஒரு வரியைச் சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது போன்று, அத்துடிப்பை ஏற்று இதயம் முழுவதும் ஒழுங்காகச் சுருங்கி விரிகிறது. மேலறைத் தசைகள் ஆசிரியர் குரலைக் கேளாமல் தத்தம் போக்கில் கூச்சலிடத் தொடங்கினால் வரும் நிலையையே மருத்துவர்கள் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கின்றனர். மேலறை நடுக்கம் என்று நாம் கூறலாம். அப்போது மேலறைகளில் நிமிடத்திற்கு 350க்கும் மேற்பட்ட ஒழுங்கற்ற மின்னலைகள் ஓடுகின்றன. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது.

இதய அறுவைக்குப் பின் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பேர் வரையில் இந்நடுக்கம் ஏற்படுகிறது. பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் வரும். அறுவையால் உண்டாகும் அழற்சி, இதய உறைக்குள் தேங்கும் இரத்தம், உடலின் உப்புச் சத்துக்களில் ஏற்படும் மாறுபாடு, வயது ஆகிய பலவும் காரணங்கள். பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே அடங்கிவிடும். எனினும் அதனை எளிதென விட்டுவிட இயலாது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக் கூடும். ஆகவே இதனைத் தடுக்க மருத்துவ உலகம் பல வழிகளையும் தேடியது இயல்பே. அவ்வழிகளுள் ஒன்று மீன் எண்ணெய்.

கடலிலிருந்து இதயத்திற்கு

மீன் எண்ணெய்க்கு இந்தப் பெருமை வந்தது எவ்வாறு? 1970களில் பாங், டையர்பெர்க் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் இருவர் கிரீன்லாந்தில் வாழும் எஸ்கிமோ மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். கடல் உணவையே பெரிதும் உண்ணும் அம்மக்களிடம் மாரடைப்பு குறைவு என்றும், அதற்குக் காரணம் ஒமேகா 3 என்னும் கொழுப்பமில வகையாகலாம் என்றும் கருதினர். அதன் பின் இத்தாலியில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த பேராய்வு 1999இல் வெளிவந்தது. நாள்தோறும் ஒரு கிராம் எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு குறைந்ததாக அது காட்டியது. இக்கொழுப்பமிலங்கள் இதயத் தசை உயிரணுக்களின் சவ்வில் சென்று அமர்ந்து, மின்னோட்டத்தை அமைதிப்படுத்தி, அழற்சியையும் குறைக்கும் என்பது கொள்கை. மாரடைப்புக்கு உதவியது மேலறை நடுக்கத்திற்கும் உதவும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

இக்கொழுப்பமிலங்களில் மூன்றை நாம் அறிந்திருத்தல் நலம். ஆளி விதை, அக்ரூட் பருப்பு, கடுகெண்ணெய் ஆகியவற்றில் உள்ளது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். மீனில் உள்ளவை ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் நீண்ட சங்கிலி அமிலங்கள். விதையில் உள்ளதை நம் உடல் மற்ற இரண்டாக மாற்றிக்கொள்ளும். ஆயினும் மிகச் சிறு அளவே மாற்றும். நாம் நாள்தோறும் புழங்கும் நல்லெண்ணெயில் இவ்வகை ஏறக்குறைய இல்லை எனலாம். இவ்வளவும் கேட்டால் மீன் ஒன்றே வழி என்று தோன்றும். ஆனால் மீனும் இவற்றைப் பெரும்பாலும் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. கடலின் நுண்பாசிகள் உண்டாக்க, அவற்றை நுண்ணுயிர்கள் உண்ண, அவற்றைச் சிறுமீன்கள் உண்ண, இவ்வாறு ஏறி வருவதே அது. பெரு நாட்டுக் கடலில் திரள்திரளாகப் பிடிக்கப்படும் நெத்திலி இனத்துச் சிறுமீன்கள் எண்ணெய்க்கென்று ஆலைகளில் பிழியப்படுகின்றன. ஒரு குப்பிக்குள் எத்தனை உயிர்களோ, எண்ணினவர் யார்?

மோர்க் குவளை

அறுவைக்கு ஆறு நாட்கள் இருந்த ஒரு பகற்பொழுது. அவர் உண்டு முடித்து மோருக்காகக் காத்திருந்தார். நான் சமையலறையில் ஒரு கேப்ஸ்யூலை ஊசியால் துளைத்தேன். மோரில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்தால் வாடை தெரியாது என்றும் எண்ணி வைத்திருந்தேன். ஒரு துளி என் விரலில் பட்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை நின்றது.

அப்போது என் நினைவுக்கு வந்தது யசோதர காவியம். நம் பள்ளிகளில் அதிகம் கற்பிக்கப்படாவிடினும் நம் இல்லங்களில் கதையாகச் சொல்லப்பட்டு வந்த நூல் அது. மன்னன் யசோதரன் கண்ட தீக்கனவின் பயன் நீங்க உயிர்ப்பலி இடுமாறு அன்னை சந்திரமதி வேண்டுகிறாள். மகன் மறுக்கிறான். மாவினால் செய்த கோழியையேனும் பலியிடு என்கிறாள். அவன் இணங்குகிறான். அந்த மாக்கோழியின் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து அல்லலுறுகின்றனர். சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது, மாவுக்குப் போய் இவ்வளவு தண்டனையா என்று எனக்குத் தோன்றியதுண்டு. அன்று சமையலறையில்தான் சந்திரமதி எனக்குப் புரிந்தாள். அவள் கொடியவள் அல்லள். மகன்மேல் கொண்ட அன்பினால், அவன் உயிர்க்கு அஞ்சி, அவனுடைய நோன்பைச் சிறிது வளைக்க முயன்றவள். அவளாவது மகனிடம் வெளிப்படையாகக் கேட்டாள். நானோ கேட்காமலே செய்ய நின்றேன்.

மோரைக் கீழே கொட்டிவிட்டு வேறு குவளையில் கொண்டு வந்து கொடுத்தேன். அன்று மாலை அவரிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவர் சினம் கொள்ளவில்லை. "நீ பயந்தாய். அவ்வளவுதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "பலன் உறுதி என்று அவர்களே இன்னும் சொல்லவில்லை. உறுதியில்லாத ஒன்றுக்காக ஐம்பது ஆண்டுகள் காத்ததை ஏன் விட வேண்டும்?" என்று கேட்டார். "உறுதி என்று சொல்லியிருந்தால்?" என்றேன். "அப்போது என் மனம் எப்படி இருக்குமோ, இப்போது எப்படிச் சொல்வது?" என்றார். அந்த விடையில் வீரம் ஏதும் இல்லை. ஆயினும் அதைவிட நேர்மையான விடையை நான் பின்னாளில் எவரிடமும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள்

அறுவை நன்கு முடிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவருக்கு மேலறை நடுக்கம் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, திரையில் ஒழுங்கின்றி ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து செலுத்தினர். இரண்டாம் நாள் துடிப்பு ஒழுங்குக்குத் திரும்பியது. அவர் நலமாக வீடு வந்து சேர்ந்து, அதன் பின் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் கதவுக்கு வெளியே நின்ற அந்த இரண்டு நாட்களில் என் மனத்தில் ஓடியது ஒன்றே: அந்த மோரை நான் கொடுத்திருக்கலாகாதா?

வீடு திரும்புமுன் மற்றொரு செய்தியும் எங்களுக்கு வந்தது. நன்றி கூறச் சென்றபோது பேச்சுவாக்கில் அந்த இளம் மருத்துவர் சொன்னார்: "அறுவையின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தோம் அல்லவா, அது பன்றியின் குடலிலிருந்து எடுப்பது. பின்னர் அதன் வேகத்தை அடக்கக் கொடுக்கும் புரோட்டமின், மீனிலிருந்து எடுக்கும் புரதம்." அவர் எங்களைக் குத்திக்காட்டும் எண்ணத்துடன் கூறவில்லை. ஆனால் எனக்குத் தலை சுற்றியது. மீன் எண்ணெய் வேண்டாம் என்று மறுத்தவரின் உடலுக்குள் பன்றியும் மீனும் ஏற்கெனவே சென்று வந்திருந்தன! இதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு செய்யும் அறுவைக்கு ஹெப்பாரின் இன்றளவும் வழக்கமான மருந்து. அதன்றி அந்த அறுவையை எண்ணிப் பார்ப்பதே அரிது.

அப்படியாயின் அவர் நோன்பு வெறும் மாயைதானா? ஒன்றில் தோற்றோம் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? இவ்வாறு வாதிடுவோர் நம் பிள்ளைகளிடையே இன்று பலர் உளர். "பட்டுப்புடவை உடுத்துகிறாயே, பால் குடிக்கிறாயே, பிறகென்ன?" என்பார்கள். இதற்கு நம் ஆசாரியர்கள் முன்னரே விடை வைத்திருக்கின்றனர். இல்லறத்தானுக்கு நேரும் இம்சையை அவர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கற்ப இம்சை. உலை வைத்தல், வீடு பெருக்குதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோதி இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விடல் வேண்டும். மற்றவற்றைக் கூடியமட்டும் குறைத்தல் வேண்டும். முழுத் தூய்மை துறவிக்கும் அரிது என்பதை அறிந்தே இப்பகுப்பு செய்யப்பட்டது. அறியாமல் நேர்ந்ததும், அறிந்து விரும்பிக் கொள்வதும் ஒன்றல்ல. வேறு வழியின்றி ஏற்பதும், ஒருவேளை உதவலாம் என்னும் ஆசையால் ஏற்பதும் ஒன்றல்ல.

என் கணவர் அச்செய்தியைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. "தெரியாமல் நடந்தது, தெரிந்த பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது" என்றார். அன்று தொடங்கி இரவில் ஒரு சாமாயிகத்தைக் கூடுதலாகச் செய்து வந்தார். இறுதி வரையில் அதனை விடவில்லை.

என் வெற்றியும் பெரியம்மாவின் வினாவும்

2012ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் மகன் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினான். மீன் எண்ணெயையும் இதய அறுவையையும் பற்றிய மிகப் பெரிய ஆய்வின் முடிவு வந்திருந்தது. அமெரிக்கா, இத்தாலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகளில் 28 மருத்துவ நிலையங்கள், 1,516 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முந்திய சில நாட்களில் 8 முதல் 10 கிராம் வரையிலும், பின்னர் நாளொன்றுக்கு 2 கிராமும் மீன் எண்ணெய். மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது; மருத்துவருக்கும் தெரியாது. முடிவு என்ன? மீன் எண்ணெய்ப் பிரிவில் நூற்றுக்கு 30 பேருக்கு மேலறை நடுக்கம். ஆலிவ் எண்ணெய்ப் பிரிவில் நூற்றுக்கு 30.7 பேருக்கு. வேறுபாடு இல்லை என்றே பொருள்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தருவார்கள். ஒரு புதிய கற்பித்தல் முறையை ஒரு வகுப்பில் நடத்தி, மாணவர் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால் முறை சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வகுப்பு நல்ல வகுப்பாக இருந்திருக்கலாம். பல பள்ளிகளில், பல ஆசிரியர்களைக் கொண்டு நடத்திப் பாருங்கள் என்பார்கள். 160 பேரிடம் கண்ட பயன் 1,516 பேரிடம் காணாமற்போனது அதனால்தான். முன்னதைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கு இடம் மிகுதி.

எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆறாண்டுகளாக நெஞ்சில் இருந்த முள் நீங்கியது. அடுத்த வாரம் ஊரில் ஆதிநாதர் ஆலயத்தில் பூசை முடிந்து பெண்கள் அமர்ந்திருந்தபோது, "பாருங்கள், விஞ்ஞானமே சொல்லிவிட்டது, நம் கொல்லா நோன்பே சரி" என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். எல்லாரும் தலையசைத்தனர். என் பெரியம்மா மட்டும் அசைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அப்போது எண்பத்தெட்டு வயது. "ஏம்மா வாத்தியாரம்மா, நாளைக்கே அது நல்லது என்று இன்னொருவன் சொல்லிவிட்டால் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. நான் நோன்பைப் போற்றவில்லை. பரீட்சை முடிவைப் போற்றினேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஆறாண்டுகள் நோன்பின்மேல் ஐயம் கொண்டேன், நடுக்கம் வந்ததனால். ஒரே நாளில் அதன்மேல் பெருமை கொண்டேன், ஆய்வு வந்ததனால். இரண்டும் ஒரே பிழை. மீன் எண்ணெய் பயன்படவில்லை என்பது மீனுக்கு நன்மைதான். ஆயினும் மீனைக் கொல்லலாகாது என்பதற்கு அது காரணமன்று. மீன் ஐயறிவுயிர், அதற்கும் தன் உயிர் இனிது. அது பயன்பட்டிருந்தாலும் அதன் உயிர் அதற்கு இனிதாகவே இருந்திருக்கும்.

நான் அந்நாளில் செய்தது போன்று, ஆய்வுகளிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குவது நேர்மையும் ஆகாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்த 8,179 பேரிடம் நடந்தது. மீன் எண்ணெயிலிருந்து தூய்மை செய்து எடுத்த ஈ.பி.ஏ. மருந்தை நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்ததில் மாரடைப்பு முதலியன நாலில் ஒரு பங்கு குறைந்தன. அதே ஆய்வில் மேலறை நடுக்கத்திற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு 2.1 பேரிலிருந்து 3.1 பேராகக் கூடினர். 2021இல், 81,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு கிராமுக்கு மேல் எடுப்பவர்க்கு நடுக்கம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. நடுக்கத்தைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட பொருளே சிலருக்கு அதனை வருவிக்கிறது. அதே பொருள் வேறு சிலருக்கு வேறு வகையில் உதவவும் செய்கிறது. ஆகவே பெரியம்மாவின் வினா முடிந்துவிடவில்லை.

எனக்குத் தோன்றும் விடை

நீலகேசியைப் படித்தவர் அறிவர். புலால் உண்பது பற்றிப் பௌத்தரோடு நீலகேசி நிகழ்த்தும் வாதம் இதே வினாவைத் தொடுகிறது. நான் கொல்லவில்லையே, பிறர் கொன்றதைத்தானே கொள்கிறேன் என்பது எதிர்வாதம். கொள்வாருக்காகவே கொல்லப்படுகிறது என்பது நம் விடை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் இக்கருத்தைக் கூறுவதே. ஆகவே கடையில் வாங்கினேன், மருந்தாக வாங்கினேன் என்று கூறி நான் அந்தக் குப்பியை மோர்த் துளியாக்க முயன்றது எவ்வகையிலும் பொருந்தாது. மருந்து என்னும் பெயரால் கொலை கொலையாகாமற் போய்விடாது.

அப்படியாயின் உயிர் போகும் நிலையிலும் மறுக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்று ஆணையிட நான் யார்? என் கணவருக்கு ஹெப்பாரின் வேண்டாம் என்று நான் இன்றும் கூறமாட்டேன். மானிடப் பிறவி கிடைத்தற்கரியது. அறம் செய்வதற்கு உடம்பு வேண்டும். வேறு வழியில்லை, பயனும் உறுதி என்னும் நிலையில் ஒருவர் அதனை ஏற்றால் அவரைக் குறை கூறலாகாது. ஆனால் ஏற்கும்போது, இது இம்சை என்று அறிந்தே ஏற்க வேண்டும். ஏற்றதற்காக வருந்தி, தன்னால் இயன்ற பிராயச்சித்தம் செய்ய வேண்டும். வேறு வழி இருக்கும்போதோ, பயன் உறுதியில்லாதபோதோ, அச்சத்தின் பொருட்டு மட்டும் ஏற்பது வேண்டாம். அறுவைக்குப் பின் வரும் மேலறை நடுக்கத்தைப் பொறுத்தவரையில் மீன் எண்ணெய் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

எல்லாவற்றிற்கும் மேலாக, நோன்பு யாருடையதோ அவரே முடிவு செய்தல் வேண்டும். அறிவு தெளிந்த ஒருவர் மறுத்ததை, அவர் உறங்கும்போதோ உண்ணும்போதோ அன்பின் பெயரால் ஊட்டுவது தகாது. அவ்வாறே, ஏற்க விரும்பும் ஒருவரை, ஊரார் என்ன சொல்வார்கள் என்று கூறித் தடுப்பதும் தகாது. நோன்பு பிறர்மேல் சுமத்தப்படும்போது அதுவும் ஒருவகை இம்சையே.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

இன்று நம் குடும்பங்களில் இதய அறுவை அரிதன்று. ஆகவே பட்டறிந்தவள் என்னும் முறையில் சில கூறுகிறேன். அறுவைக்கு முன்னரே உங்கள் நோன்பை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் தரும் பொருள் எதிலிருந்து வருகிறது, அதன் பயன் எவ்வளவு உறுதி, மாற்று உண்டா என்று கேளுங்கள். மேலறை நடுக்கத்தைத் தடுக்கவும் தணிக்கவும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், அமியோடரோன், பொட்டாசியம் மக்னீசியம் ஆகியவற்றைச் சரிசெய்தல் முதலிய வழிகள் உள்ளன. இதய உறையின் பின்புறம் ஒரு சிறு திறப்பு வைத்துத் தேங்கும் நீரை வடியச் செய்யும் முறையை நியூயார்க்கில் 420 நோயாளிகளிடம் செய்து பார்த்து 2021இல் வெளியிட்டனர். நடுக்கம் நூற்றுக்கு 32 பேரிலிருந்து 17 பேராகக் குறைந்தது. உயிர்க்கொலை சேராத வழிகளையும் மருத்துவர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மருத்துவர் எழுதித் தந்த எதனையும் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். மறுப்பதாயின் நேரில் கூறி மறுங்கள்.

இப்போது நுண்பாசியிலிருந்து எடுத்த ஒமேகா 3 எண்ணெயும் கடைகளில் கிடைக்கிறது. மீன் இல்லை என்று மகிழலாம். ஆயினும் பாசியை அநந்தகாயத்துள் வைத்து எண்ணுவது நம் மரபு என்பதையும், கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் தோல், எலும்புகளிலிருந்து செய்யும் ஜெலட்டின் என்பதையும் மறத்தலாகாது. தாவர உறை உடையதும் உண்டு, கேட்டு வாங்கலாம். ஐயறிவுயிரினின்று ஓரறிவுயிருக்கு இறங்குவது குறைவே தவிர முற்றும் நீக்கம் அன்று. ஆளி விதையை வறுத்துப் பொடித்து உணவில் சேர்ப்பதில் யாருக்கும் தடையிராது. உடலுக்கு நல்லது, ஆயினும் அதனை மேலறை நடுக்கத்திற்கு மருந்தென நான் கூறவில்லை.

என் கணவர் மறைந்த பின் பீரோவை ஒழித்தபோது அந்தக் குப்பி அகப்பட்டது. துளைத்த ஒன்று தவிர மற்றவை அப்படியே இருந்தன. எறிய மனம் வரவில்லை. வைத்திருக்கவும் மனம் வரவில்லை. தோட்டத்தில் வேப்பமரத்தின் அடியில் குழி தோண்டி, இறந்த உயிர்களைப் புதைப்பது போன்று புதைத்து, சற்று நேரம் கைகூப்பி நின்றேன். எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டும் சொற்களை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். அன்று அச்சொற்களை, எண்ணிக்கை அறியாத அந்தச் சிறுமீன்களை நினைத்துக் கூறினேன். மோருக்காகக் காத்திருந்த அவரை நினைத்தும் கூறினேன்.

கொல்லா நெறி ஓங்குக.